பிரஷர் குறைந்திருக்கிறது, மூச்சு ஏன் வாங்குகிறது?

கேள்வி: என் அக்காவுக்கு 42 வயது. நுரையீரல் ரத்தக்குழாயில் பிரஷர் அதிகம் என்று சொல்லி எட்டு மாதமாக சில்டெனாஃபில் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். முதல் எக்கோவில் ஆர்.வி.எஸ்.பி. (இதயத்தின் வலது கீழறை சுருங்கும்போது உள்ள அழுத்தம்) 75 என்று இருந்தது. போன வாரம் எடுத்ததில் 59. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அக்காவால் முன்பு ஏறிய மாடிப்படியை இப்போது நிற்காமல் ஏற முடியவில்லை. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. சந்தேகத்துக்கு வேறொரு சென்டரில் எடுத்தோம், அங்கே 54. எல்லா ரிப்போர்ட்டிலும் இ.எஃப். (இதயம் ஒரு துடிப்பில் ரத்தத்தை வெளியே தள்ளும் விகிதம்) 65 சதவீதம், நார்மல் என்றே போட்டிருக்கிறார்கள். டாக்டரோ கதீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். எக்கோவிலேயே எல்லாம் தெரியும்போது அது எதற்கு? அடுத்த மாதம் ஊட்டியில் ஒரு கல்யாணம், அக்காவை அழைத்துப் போகலாமா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன். — வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூன்று ரிப்போர்ட்டையும் பார்த்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 75 என்பது 59 ஆனதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். அக்காவின் மூச்சும் கால் வீக்கமும் சொல்வதைத்தான் எக்கோவின் மற்ற வரிகளும் சொல்கின்றன. இதயத்தின் வலது கீழறை களைத்துக்கொண்டிருக்கிறது. நேரில் பரிசோதிக்காமல் நான் இதற்கு மேல் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் உங்கள் டாக்டர் ஏன் அவசரப்படுகிறார் என்பது ரிப்போர்ட்டைப் பார்த்தாலே புரிகிறது.

அந்த 75, 59, 54 எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எக்கோ மெஷின் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவில் உள்ள மூவிதழ் வால்வில், கீழறை சுருங்கும்போது கொஞ்சம் ரத்தம் பின்னால் பீய்ச்சும். ரிப்போர்ட்டில் டி.ஆர். என்று இருப்பது இந்தக் கசிவுதான். அது எவ்வளவு வேகமாகப் பீய்ச்சுகிறது என்பதை டாப்ளர் அளக்கும். அந்த வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கினால், இரண்டு அறைகளுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் கிடைக்கும். கதீட்டர் போட்டு அளந்த அழுத்தத்தோடு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த யாக், பாப் என்ற இருவர் 1984-ல் காட்டினார்கள். இன்றுவரை உலகம் முழுக்க அதே கணக்குதான்.

அக்காவின் முதல் எக்கோவில் கசிவின் வேகம் வினாடிக்கு 4.1 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 67 வரும். அதோடு வலது மேலறையில் உள்ள அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அதை எப்படித் தெரிந்துகொள்வது? வயிற்றிலிருந்து இதயத்துக்கு வரும் கீழ்ப்பெருஞ்சிரையை, அதாவது ஐ.வி.சி.யை, மேல்வயிற்றில் புரோபை வைத்துப் பார்ப்பார்கள். "மூக்கை ஒருதடவை உறிஞ்சுங்க" என்று அக்காவிடம் சொல்லியிருப்பார்களே, அது இதற்குத்தான். குழாய் 21 மில்லிமீட்டருக்குள் இருந்து, உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் 3 கூட்டுவோம். அதைவிடப் பெரிதாக இருந்து பாதிகூடச் சுருங்கவில்லை என்றால் 15. இரண்டும் கெட்டானாக இருந்தால் 8. முதல் தடவை 67-உடன் 8 கூட்டி 75 என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது வேகம் 3.3 மீட்டர். அதற்கு 44 வரும். ஐ.வி.சி. 24 மில்லிமீட்டர், உறிஞ்சினாலும் அசையவில்லை. ஆகவே 15 கூட்டி 59. இரண்டாவது சென்டரில் வேகம் என்ன என்று பாருங்கள், அங்கேயும் 3.3தான்! அவர்கள் 15-க்குப் பதில் 10 கூட்டியிருக்கிறார்கள், அதனால் 54. ஐ.வி.சி.யைப் பார்க்காமல் எல்லோருக்கும் பத்தைக் கூட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஆக 59-ம் 54-ம் ஒரே அளவுதான், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும்போது ஆர்.வி.எஸ்.பி.யை விட்டுவிட்டு அந்த வேகத்தை ஒப்பிடுவதே மேல்.

சரி, 4.1 ஏன் 3.3 ஆனது? மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் அடைப்பு இருந்தால் அழுத்தம் ஏறும். அடைப்பு நீங்கினால் அழுத்தம் இறங்கும். ஆனால் மோட்டார் பழுதாகி வலுவிழந்தாலும் அழுத்தம் இறங்கத்தான் செய்யும், தண்ணீர் மட்டும் மேலே போகாது. அழுத்தமானியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மருந்து வேலை செய்து நுரையீரல் குழாய்கள் தளர்ந்திருந்தால் அக்கா முன்னைவிட நன்றாக நடந்திருப்பார், கால் வீங்கியிருக்காது, ஐ.வி.சி. புடைத்திருக்காது. இங்கே எல்லாமே எதிர்த்திசையில் போயிருக்கின்றன. போதாக்குறைக்கு டி.ஆர். கடுமையாகிவிட்டது. வால்வு அகலமாகத் திறந்துகிடந்தால் இரண்டு அறைகளின் அழுத்தமும் சட்டென்று சமமாகிவிடும், அப்போது அந்தக் கணக்கே உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும்.

அதனால்தான் நுரையீரல் அழுத்த நோயில் நாங்கள் அழுத்தத்தைவிட வலது கீழறையையே அதிகம் பார்க்கிறோம். நோய் இருப்பது நுரையீரல் தமனிகளில் என்றாலும் நோயாளியின் நாட்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வலது கீழறைதான்.

அந்த அறை பார்ப்பதற்கு லேசுப்பட்டதில்லை. மார்பெலும்புக்கு நேர் பின்னால், இடது கீழறையைச் சுற்றிப் பிறைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். சுவர் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. இடது அறை 120 அழுத்தத்தில் ரத்தத்தைத் தள்ளும்போது இது சாதாரணமாக 25-ஐ ஒட்டிய அழுத்தத்திலேயே தன் வேலையை முடித்துவிடும். திடீரென்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அழுத்தம் கேட்டால் இந்த மெல்லிய சுவரால் தாங்க முடியாது. மெதுவாகக் கூடினால் முதலில் சுவர் தடித்து ஈடுகொடுக்கும். பல வருடம்கூட ஈடுகொடுக்கும். அதற்கும் மேல் முடியாதபோது அறை விரியத் தொடங்கும், வால்வு இழுபட்டுக் கசிவு கூடும், ரத்தம் பின்னால் தேங்கி ஈரலும் காலும் வீங்கும். அக்காவின் ரிப்போர்ட்டில் வலது கீழறையின் அடிப்பக்க அகலம் 48 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. 41-க்கு மேல் போனாலே விரிந்துவிட்டது என்போம்.

இதன் வடிவம் இப்படிக் கோணல்மாணலாக இருப்பதால், சாதாரண எக்கோவில் இடது பக்கத்துக்குப் போடுவதுபோல ஒரு இ.எஃப். கணக்குப் போட முடியாது. வேறு வழிகளில் சுற்றிவந்து மதிப்பிடுகிறோம். அதில் முக்கியமானது டாப்சி. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இதயத்தின் நுனியில் ஜெல் தடவிப் புரோபை வைத்தால் நான்கு அறைகளும் திரையில் தெரியும். மூவிதழ் வால்வின் வெளியோரம் பொருந்தியிருக்கும் வளையத்தில் ஒரு கோட்டைப் பிடித்துவைத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த வளையம் நுனியை நோக்கி எவ்வளவு தூரம் இறங்கி ஏறுகிறது என்று அலையாக வரும். வலது அறை பெரும்பாலும் நீளவாக்கில் சுருங்குவதால், இந்த ஒரு தூரத்திலேயே அதன் தெம்பு ஓரளவு தெரிந்துவிடும். 17 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் பலவீனம். அக்காவுக்கு எட்டு மாதத்துக்கு முன் 19. இப்போது 11.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டிய வரி இதுதான். அது இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கிறது, கடைசி வரியிலோ "மிதமான நுரையீரல் அழுத்தம், இதயச் செயல்பாடு நார்மல்" என்று முடித்துவிட்டார்கள். உங்கள்மேல் தவறில்லை. கடைசி வரியைத்தான் எல்லோரும் படிப்பார்கள், அதில் வலது கீழறையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் கையெழுத்துப் போடுவது எனக்கு உடன்பாடானதில்லை.

டாப்சியை மட்டும் நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. கோடு கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் அளவு மாறும். கசிவு கடுமையாக இருந்தால் வளையம் சுலபமாக இறங்குவதுபோலத் தோன்றி, டாப்சி உள்ளதைவிட நன்றாகக் காட்டும். பைபாஸ் போன்ற அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கோ அறை நன்றாக இருந்தாலும் டாப்சி குறைந்துபோவது உண்டு. ஆகவே வேறு சாட்சிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எஸ் பிரைம் என்பது அதே வளையம் நகரும் வேகம். வினாடிக்கு 9.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, அக்காவுக்கு 7. எஃப்.ஏ.சி. என்பது அறையின் பரப்பு ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்பது. 35-க்குக் கீழ் என்றால் பலவீனம், அக்காவுக்கு 24. முதல் ரிப்போர்ட்டில் இதை எழுதவே இல்லை, எழுதியிருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். நல்ல மெஷின் இருக்கும் இடங்களில் ஸ்ட்ரெய்ன் என்று சுவர்த்தசை எவ்வளவு குறுகுகிறது என்பதையும் பார்க்கிறார்கள். அதில் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் கோளாறு. முப்பரிமாண எக்கோவிலும் எம்.ஆர்.ஐ.யிலும் வலது அறைக்கே தனியாக இ.எஃப். கணக்கிட முடியும். அக்காவின் விஷயத்தில் டாப்சி, எஸ் பிரைம், எஃப்.ஏ.சி. மூன்றும் ஒரே பக்கம் சாய்வதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொரு எளிய கணக்கு உண்டு, நீங்களே செய்யலாம். டாப்சியை ஆர்.வி.எஸ்.பி.யால் வகுங்கள். எதிர்க்கும் சுமைக்கு ஏற்ற தெம்பு அறைக்கு இருக்கிறதா என்பதை இது காட்டும். ஐரோப்பிய இதயவியல், சுவாசவியல் சங்கங்கள் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதையும் ஆபத்தை மதிப்பிடும் அளவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். 0.32-க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு, 0.19-க்குக் கீழே போனால் அதிகம். அக்காவுக்கு முதலில் 19-ஐ 75-ஆல் வகுத்தால் 0.25. இப்போது 11-ஐ 59-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.19, எல்லைக் கோட்டிலேயே வந்து நிற்கிறது. அழுத்தம் 16 புள்ளி இறங்கியும் இந்த விகிதம் கூடாமல் குறைந்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம் அந்த 65 சதவீதம். இ.எஃப். என்பது இடது கீழறையைப் பற்றியது. அதுவும் ஒரு விகிதம்தான், அளவு இல்லை. 100 மில்லி கொள்ளும் அறை 60 சதவீதம் தள்ளினால் உடம்புக்கு 60 மில்லி போகிறது. வலது அறை நுரையீரல் வழியாகப் போதிய ரத்தத்தை அனுப்பாவிட்டால் இடது அறைக்கு வருவதே குறைவு. 60 மில்லியோடு சுருங்கிப்போன அறை 65 சதவீதம் தள்ளினாலும் வெளியே போவது 39 மில்லிதான். சதவீதம் நார்மல், உடம்புக்குப் போகும் ரத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மாடிப்படியில் அக்கா நின்றுவிடுவது இதனால்தான். எக்கோ கிளிப்பைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: குறுக்குவெட்டில் வட்டமாக இருக்க வேண்டிய இடது அறை, வலது பக்கத்திலிருந்து அமுக்கப்பட்டு, நடுச்சுவர் தட்டையாகி, ஆங்கில எழுத்து 'டி'போல நெளியும். அக்காவின் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வலது மேலறையின் பரப்பு 27 சதுர சென்டிமீட்டர், 18-ஐத் தாண்டினாலே பெரிது. இதயத்தைச் சுற்றி லேசாக நீர் கோத்திருக்கிறது என்ற வரியையும் கவனித்தேன். அளவு கொஞ்சம் என்பதால் குத்தி எடுக்கத் தேவையில்லை, ஆனால் இந்த நோயில் அது நல்ல அறிகுறியும் இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் கதீட்டர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எக்கோவால் அழுத்தம் ஏன் கூடியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நுரையீரல் குழாய்களே இறுகியிருக்கின்றனவா, இடது பக்க இதயத்தில் ரத்தம் தேங்கி அந்த அழுத்தம் பின்னோக்கி வருகிறதா என்பது மருந்தையே மாற்றக்கூடிய கேள்வி. கதீட்டரில் ஒரு சின்ன பலூனை நுரையீரல் தமனியின் கிளையில் ஊதி அடைத்து, அதற்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அளப்பார்கள். அது 15 அல்லது அதற்குக் கீழ் என்றால் இடது பக்கம் குற்றவாளி இல்லை. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20-க்கு மேல், ரத்தக்குழாய்த் தடை 2 வுட் அலகுக்கு மேல் என்பது நோயை உறுதிசெய்யும் இன்றைய வரையறை. இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் அனுப்புகிறது என்பதும் அங்கே தெரிந்துவிடும். ஒரு மாத்திரையிலிருந்து இரண்டுக்கோ மூன்றுக்கோ போவதற்கு முன் இந்த எண்கள் கையில் இருக்க வேண்டும். சொல்லப்போனால் எட்டு மாதத்துக்கு முன்பே, சில்டெனாஃபிலைத் தொடங்கும்போதே, இதைச் செய்திருக்க வேண்டும்.

கதீட்டர் என்றதும் வீட்டில் ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று பயந்திருப்பார்கள். இது வலது பக்கக் கதீட்டர். கழுத்திலோ தொடையிலோ கையிலோ உள்ள சிரை வழியாக, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் செலுத்துவது. 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் தன் கைச் சிரையில் தானே குழாயைச் செருகிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார், 1956-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. அனுபவமுள்ள மையங்களில் நுரையீரல் அழுத்த நோயாளிகளுக்குச் செய்த 7,218 கதீட்டர்களைத் தொகுத்து 2006-ல் வெளிவந்த ஆய்வில், கடுமையான சிக்கல் சுமார் நூற்றில் ஒருவருக்கு வந்தது, உயிரிழப்பு சுமார் இரண்டாயிரத்தில் ஒன்று. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரியாமலே வைத்தியம் செய்வதைவிட இது மேல். இந்த நோயாளிகளை அடிக்கடி பார்க்கும் மருத்துவமனையாகத் தேர்ந்தெடுங்கள்.

காரணத்தைத் தேடும் வேலையும் பாக்கி இருக்கிறது. அனுப்பியவற்றில் நுரையீரல் ஸ்கேன் எதையும் காணோம். பழைய ரத்தக்கட்டிகள் நுரையீரல் தமனியில் தங்கிப்போய் இந்த நோய் வந்திருந்தால், பலருக்கு அறுவை சிகிச்சையிலேயே பெரிய முன்னேற்றம் கிடைக்கும், அதனால் அதைத் தவறவிடவே கூடாது. நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வி.க்யூ. ஸ்கேன், அதைக் கேட்டுச் செய்யுங்கள். காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உண்டா, சின்ன வயதில் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்து பென்சிலின் ஊசி போட்டார்களா, குளிரில் விரல் வெளுக்கிறதா, காசநோய் வந்து போயிற்றா என்றெல்லாம் அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் உள்ள ஓட்டை சாதாரண எக்கோவில் எளிதாகத் தப்பிவிடும், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் பிடிபடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: டாக்டரிடம் கதீட்டர் தேதியைத் தள்ளிப்போடாமல் கேளுங்கள். பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது, எக்கோ கிளிப்புகளை சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொண்டு போங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து நோட்டில் குறியுங்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்ல வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் கொஞ்ச நாள் ஒதுக்குங்கள். நீர் பிரியும் மாத்திரை இதுவரை ஆரம்பிக்கவில்லை என்றால் அதைப் பற்றியும் கேளுங்கள். சில்டெனாஃபிலை நீங்களாக நிறுத்தக் கூடாது. அதைச் சாப்பிடுபவருக்கு நெஞ்சு அடைக்கிறது என்று பதறி, வீட்டில் இருக்கும் சார்பிட்ரேட் மாதிரி நாக்கடி மாத்திரையை வைத்துவிடவும் கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாக விழுந்துவிடும். மயக்கம் போட்டாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அக்காவுக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால், இந்த நோயில் கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்பதையும் வீட்டுப் பெண்கள் யாராவது தனியாகப் பேசிப் புரியவைப்பது நல்லது.

கடைசியாக ஊட்டிக் கல்யாணம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல். காற்றில் ஆக்சிஜன் குறையும்போது நுரையீரல் குழாய்கள் தாமாகவே இன்னும் இறுகும், ஏற்கனவே தள்ளாடும் வலது அறைக்கு அது கூடுதல் சுமை. இந்த நோயாளிகள் 1,500 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் உதவியில்லாமல் போக வேண்டாம் என்பதுதான் பொது அறிவுரை. இப்போதுள்ள நிலையில் ஆக்சிஜன் சிலிண்டரோடுகூட நான் அனுப்பமாட்டேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார் என்று என்மேலேயே பழியைப் போட்டுவிடுங்கள்.